பிரித்துப் போட்ட எஞ்சினும் என் மாமனாரின் பொருத்தனையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருசம் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து வைத்து உட்காருவேன். நாலு வரி எழுதுவேன். அந்த நாலு வரிக்குள்ளேயே என்னை நல்லவனாகக் காட்டுகிற ஏதாவது ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்திருக்கும். கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். ஒரு மனுசன் என்னால் ஏழு வருசமாகப் பழி சுமக்கிறார். அது தெரிந்தும் பேனாவை மூடி வைத்தவன் நான். நான் படித்தது எட்டாம் வகுப்பு. அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல மாதா துணை செய்யட்டும்.

காரைக்குடியில் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்லல் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. புது வண்டியெல்லாம் கம்பெனிக்காரர்களிடம் போய்விடும். என்னிடம் வருவதெல்லாம் பத்து வருசம், பதினைந்து வருசம் ஓடி, ரெண்டு மூன்று கை மாறின வண்டிகள். வண்டி உள்ளே நுழையும்போதே சத்தத்தை வைத்துப் பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்தது தெரியாமல் செய்த தப்பு இல்லை என்று நீங்கள் அறிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைப் பிரித்து வேலை செய்தால், மறுபடி பூட்டியதும் மாதா கோயில் தீர்த்தத்தை அதன்மேல் தெளித்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். இந்துக்கள் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். அவர்களும் "அண்ணன் கைராசி" என்று சொல்லி, தங்கள் பங்குக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதை வெளியில் சொல்ல மாட்டோம். வந்த வண்டி கையைவிட்டுப் போகும் போலத் தெரிந்தால், முதல் காரியமாக எஞ்சினைப் பிரித்துவிடுவோம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிச் சாக்குமேல் வைத்துவிட்டால் வண்டிக்காரர் எங்கேயும் நகர முடியாது. கட்டி இழுத்துக்கொண்டு போனாலும் வேறு பட்டறையில் தொட மாட்டார்கள். ஒருத்தர் பிரித்ததை இன்னொருத்தர் பூட்டுவதில்லை. அதன்பிறகு அந்த வண்டி எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது நாங்கள்தான்.

என் மாமனாருக்குக் கல்லல் பக்கம் சொந்த ஊர். விவசாயம். ரெண்டே பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். எட்டு வருசம் கழித்து இளையவளை நெற்குப்பையில் ஒரு அறிவியல் வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அவர்தான் என் சகலை.

மாமா வாலிப வயதில் வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர். ஒரு வருசம் கால் கொப்புளத்தோடு மாதா முன்னால் நின்றபோது, பக்கத்தில் ஒரு குடும்பம் கார் சாவியை மாதா காலடியில் வைத்து எடுத்ததைப் பார்த்திருக்கிறார். அந்த இடத்திலேயே ஒரு பொருத்தனை வைத்தார். "தாயே, என் வீட்டுலயோ என் பொண்ணுக வீட்டுலயோ ஒரு சொந்த வண்டி வரட்டும். இனிமே அதுலதான் உன் வாசலுக்கு வருவேன். அந்தச் சாவியை உன் காலடியில வச்சு எடுப்பேன்." அதோடு நடைப்பயணத்தை நிறுத்திவிட்டார். வாடகைக் காரில் போகலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "பொருத்தனை சொந்த வண்டிக்குத்தான. மாதாவை நான் ஏமாத்தவா?" என்பார்.

அவர் எனக்குப் பெண் கொடுத்ததில் இந்த ஆசையும் சேர்ந்திருந்தது. "மெக்கானிக் மாப்பிள்ளை. அடுத்த வருசமே வண்டி வந்துரும்" என்று ஊரெல்லாம் சொன்னார். இருபது வருசம் போனது. ஊரார் வண்டிக்கெல்லாம் அடியில் படுத்தேன். என் வீட்டு வாசலில் பழைய மொபெட் ஒன்றுதான் நின்றது. மாமா ஒருநாளும் அதைக் குத்திக் காட்டவில்லை. அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, ஒரே ஒரு தடவை, "மாதாவைப் பாக்காமயே போயிருவேன் போல மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை காரில் வந்து இறங்கினார். பதின்மூன்று வருசம் ஓடின பெட்ரோல் வண்டி. சாம்பல் நிறம். மதுரையில் யாரோ ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்கியிருக்கிறார். குடும்பத்தில் நான் ஒரு மெக்கானிக் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அத்தை, என் மனைவி, கொழுந்தியா எல்லோரும் நிற்கும்போது, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணன்கிட்டக் காட்டிருக்கலாம். ஆனா இதுல கம்ப்யூட்டர் இருக்கு. அண்ணனுக்கு ஸ்பேனர்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். "ஏன் வாத்தியாரே, கம்ப்யூட்டரு பஞ்சர் ஒட்டுமா?" என்றேன்.

"அது இல்லண்ணே. வண்டியைத் தொட்டுக்கிட்டே இருக்குறவுக வேற. வண்டி வச்சிருக்குறவுக வேற."

சகலைகளுக்குள் இப்படிப் பேசிக்கொள்வது சகஜம். கல்யாண வீட்டில் இதைவிட மோசமாகவெல்லாம் பேசியிருக்கிறோம். ஆனால் அன்றைக்குக் கட்டிலில் சாய்ந்திருந்த மாமாவும் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, சந்தோசமாகச் சிரித்தார். அது எனக்கு உள்ளே போய்த் தைத்தது. இருபது வருசம் நான் தர முடியாத சிரிப்பை அவர் ஒரு பழைய வண்டியை வைத்து வாங்கிவிட்டார்.

சாம்பல் புதன் கழிந்த வாரத்தில் எனக்குப் போன் வந்தது. வண்டி நாச்சியாபுரம் பக்கத்தில் நின்றுவிட்டது. கயிறு எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் வண்டியில் போனேன். சகலை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார்.

"என்ன வாத்தியாரே, வண்டி வச்சிருக்கவுக வெயில்ல நிக்கிறீக?"

"கிண்டல் பண்ணாதீகண்ணே. புகையா வருது."

"புகையில்ல, ஆவி. சயின்ஸ் வாத்தியாருக்கு ஆவிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியலையா? பிள்ளைக பாவம்."

பட்டறைக்கு இழுத்து வந்து போட்டேன். மறுநாள் காலையில் எஞ்சின் ஆறின பிறகு பார்த்தேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. அப்படியென்றால் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் நல்லா இருக்கிறது, எஞ்சினுக்குள் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். தண்ணீர் ஓடுகிற வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். எஞ்சின் சூடானால் அது திறந்து தண்ணீரை விட வேண்டும். அதைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். திறக்கவில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. அரை நாள் வேலை. டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்து முடிக்கிற வேலை.

பத்து மணிக்குச் சகலை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் பேசினார்.

"அண்ணே, வர்ற சனிக்கிழமை மாமாவைக் கூட்டிக்கிட்டு வேளாங்கண்ணி போறோம். பொருத்தனையை முடிச்சிருவோம். நீங்களும் அக்காவும் வாங்க. பின்சீட்டுல எடம் இருக்கு."

பின்சீட்டு. மூத்த மருமகனுக்குப் பின்சீட்டு. மாமா முன்னால், இவர் ஓட்ட, மாதா காலடியில் சாவியை வைக்க இவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் சாப்பாட்டுக் கூடையோடு இறங்க வேண்டும். இதெல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்குள் ஓடியது.

பட்டறை மூலையில் பழைய ஆயில் டின் ஒன்று மூடியில்லாமல் கிடந்தது. மழைத் தண்ணீர் விழுந்து, ஆயிலோடு கலந்து, பழுப்பு மோர் மாதிரித் திரண்டு கிடந்தது. சகலை போனில் பேச அங்குட்டுத் திரும்பினார். நான் அவர் வண்டியின் ஆயில் குச்சியை அந்த டின்னில் முக்கி எடுத்தேன்.

"இங்க பாருங்க வாத்தியாரே."

அவர் குனிந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "எண்ணெயும் தண்ணியும் கலந்திருக்கு. பால்மம் மாதிரி ஆயிருச்சு" என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா? ஹெட் கேஸ்கட் போயிருச்சு. உள்ளுக்குள்ள தண்ணி எறங்குது. மதுரைக்காரன் கம்ப்யூட்டரை வச்சு இதைத்தான் பாத்தானா?"

"ஓட்ட முடியாதாண்ணே?"

"ஓட்டலாம். பாதி வழியில எஞ்சின் எறுகிப் போயி, மாமாவை வெயில்ல ரோட்டுல ஒக்கார வைக்கலாம். உங்க இஷ்டம்."

"வேணாம்ணே. கழட்டுங்க."

அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவர் பஸ் ஏறுவதற்குள் பத்து போல்ட்டையும் கழற்றி ஹெட்டைச் சாக்குமேல் இறக்கிவிட்டேன். உள்ளே இருந்த கேஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு இடத்திலும் ஊதின தடம் இல்லை. அதை ரெண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போய்ப் பதினாலு ஸ்தலத்திலும் முட்டி போட்டேன். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு ஒரு உறுத்தலும் இல்லாமல் ஜெபம் வந்தது.

அதன்பிறகு ஐந்து வாரம் அவரை நான் நடத்திய விதம் இருக்கிறதே, ஒரு நாயைக் கூட அப்படி அலையவிடக் கூடாது. கேஸ்கட் மதுரையில் கிடைக்காது, திருச்சிக்குப் போங்க என்றேன். போய் வாங்கி வந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டூப்ளிகேட்டு" என்றேன். நல்ல சாமான்தான். திரும்பப் போனார். ஹெட்டின் அடிப்பக்கத்தை லேத் பட்டறையில் கொடுத்து மட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று சொல்லி, தேய்க்கத் தேவையில்லாத ஹெட்டை அவரையே தோளில் தூக்கிக்கொண்டு போக வைத்தேன். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "எங்க சகலை. எம்.எஸ்சி. படிச்சவரு. வேலை பழகுறாரு" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்கார வைத்து, நான் வேறு வண்டி பார்ப்பேன். "எப்பண்ணே முடியும்?" என்று கேட்டால், "கம்ப்யூட்டரைக் கேளுங்க" என்பேன்.

அவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. மாமாவுக்காகப் பொறுத்துக்கொண்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

நான் எதற்காக நாளைக் கடத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் வெள்ளைக் கார் ஒன்று பல வருசமாக அசையாமல் நின்றது. அதை வாங்கிச் சரிபண்ணி, என் சொந்த வண்டியாக்கி, உயிர்ப்புத் திருநாளுக்குள் மாமாவை நானே வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாலு தடவை அந்த வீட்டுப் படியேறினேன். "பிள்ளைக சென்னையிலயிருந்து வந்து பேசட்டும். நான் என்னத்தைக் கண்டேன்" என்று அந்த வீட்டு ஆச்சி ஒரே பதிலைச் சொன்னார்கள். பிள்ளைகள் வரவில்லை. என் வண்டி வரும்வரை அவர் வண்டி ஓடக் கூடாது. அவ்வளவுதான் என் நியாயம்.

என் மனைவிக்கே சந்தேகம் வந்தது. "ஒரு வண்டியை ஒரு மாசமாவா பூட்டுவீக?" என்றாள்.

"உன் தங்கச்சி புருசன் வாங்கிட்டு வந்த லட்சணம் அப்படி" என்றேன்.

உயிர்ப்புத் திருநாளுக்கு ஒரு வாரம் முந்தி வருகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அத்தை இறங்கி, உள்ளேயிருந்து மாமாவைத் தாங்கி இறக்கினார்கள். பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்திருந்த சகலை ஓடிப்போய் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். கல்லலிலிருந்து அந்த உடம்போடு வந்திருந்தார். சாக்கில் பரப்பிக் கிடந்த சாமான்களைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு நாக்குக் குழறும். நான் புரியும்படி எழுதுகிறேன்.

"மாப்பிள்ளை, இம்புட்டும் ஒரு வண்டிக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா மாமா."

"மறுபடி ஒண்ணு சேத்துருவீகள்ல?"

"சேத்துருவேன் மாமா."

"ரெண்டு மூணு நாள்ல முடியுமா? எனக்கு முந்தாநாள்லயிருந்து ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு. நேத்துத் தண்ணி குடிக்கையில பொறையேறி..." அதற்குமேல் அத்தை அவர் வாயைத் துடைத்துவிட்டார்கள்.

எல்லாச் சாமானும் அங்கேயே இருந்தது. புதுக் கேஸ்கட், புது வால்வு எல்லாம் மரப்பெட்டியில் இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்திருந்தால் திங்கட்கிழமை மாமா மாதா முன்னால் நின்றிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மாமா, எஞ்சினைப் பிரிச்சுட்டா தீர்த்தம் தெளிச்சுத்தான் நான் ஸ்டார்ட் பண்ணுவேன். உங்களுக்கே தெரியும். இது மாதாவுக்குப் போற வண்டி. பழைய தீர்த்தம் எதுக்கு? அடுத்த சனிக்கிழமை ராத்திரிப் பாஸ்காப் பூசையில புதுத் தீர்த்தம் மந்திரிப்பாக. அதை வாங்கியாந்து தெளிச்சு, உயிர்ப்பு ஞாயிறு கழிச்சு மறுநாள் போவோம். ஒம்பது நாள்தான்."

கடவுள் பெயரைச் சொன்னால் மாமா மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான். புதுத் தீர்த்தம்னா விசேசம்" என்றார். பிறகு சகலை பக்கம் திரும்பி, "பாத்தீகளா சின்ன மாப்பிள்ளை, வெவரம்னா இதுதான். நீங்கதான் அவசரப்பட்டு வாங்கிட்டீக" என்றார்.

சகலை தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆட்டோ கிளம்பும்போது மாமா இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு, தன் உதட்டில் வைத்து முத்திக்கொண்டார்.

அந்த வாரத்துப் பெரிய வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மாமா இறந்துபோனார். ரெண்டாவது தடவை வாதம் அடித்தது. காலையில் கஞ்சி குடிக்கும்போது, "வண்டி பூட்டியாச்சாமா?" என்று கேட்டாராம். அதுதான் கடைசிப் பேச்சு என்று அத்தை சொன்னார்கள்.

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வியாழனிலிருந்து பாஸ்கா வரைக்கும் இறந்தவர்களுக்குப் பூசை வைக்க மாட்டார்கள். மணி அடிக்க மாட்டார்கள். உடம்பு தாங்காது என்று பெரிய வெள்ளிக்கிழமை காலையிலேயே எடுத்துவிட்டோம். ஆண்டவரே செத்துக் கிடக்கிற நாளில், ஒரு பூசை இல்லாமல், ஒரு மணிச்சத்தம் இல்லாமல், சாமியார் ஜெபம் மட்டும் சொல்ல, மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு அவரைக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம். நாற்பது வருசம் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத மனுசன். பெட்டியின் முன்பக்கத்தை நான் தூக்கினேன். மூத்த மருமகன் என்று எனக்குத்தான் அந்த இடம் கொடுத்தார்கள்.

குழியில் மண் தள்ள ஆரம்பித்ததும் அத்தை சகலையின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

"ஓட்டை வண்டியைக் கொண்டாந்து காட்டி அவரு ஆசையைக் கெளப்பி விட்டுட்டு, கொண்டுபோய்ச் சேக்காமக் கொன்னுட்டியேடா! பூசைகூட இல்லாம ஆக்கிட்டியேடா! இனி என் வாசப்படியை மிதிக்காத."

மருமகன்களை அத்தை அதுவரை "வாங்க, போங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை. கல்லறைத் தோட்டத்தில், ஊர் முன்னால், ஒரு வாத்தியாரை "டா" போட்டார்கள். அவர் அசையவில்லை. சட்டைப் பொத்தான் தெறித்து விழுந்தது. கொழுந்தியா குறுக்கே வந்து அழுதாள். அத்தை அவரை விட்டுவிட்டு என் பக்கம் வந்து, என் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "நீங்க நாப்பது நாளும் எண்ணெயிலயும் கரியிலயும் கெடந்தீகளே மாப்பிள்ளை."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஊரே அங்கே இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை காலையில் பட்டறையைத் திறந்து பூட்ட ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்தது. தீர்த்தப் புட்டியைக் கையில் எடுத்தேன். தெளிக்கக் கை வரவில்லை. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சூடு காட்டுகிற முள் நடுவில் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. திருப்பத்தூர் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஒரு குறை சொல்ல முடியாத வண்டி. சகலை அதை ஒரு மாசத்துக்குள் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார். இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

இந்த ஏழு வருசத்தில் அத்தை இளைய மகள் வீட்டுக்குப் போகவில்லை. இளைய மகள் வரலாம், அவள் பிள்ளைகள் வரலாம், அவர் வரக் கூடாது. அவருக்கு ஊரில் "ஓட்டை வண்டி வாத்தியார்" என்றே பேர் ஆகிவிட்டது. என் மகள் முதல் தடவை நற்கருணை வாங்கின புதுநன்மை விருந்துக்கு வந்தவர், அத்தை உள்ளே இருக்கிறார்கள் என்று பந்தலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதல் பந்தியில் முதல் இலை. அத்தை தன் கையால் பரிமாறினார்கள். நான் சாப்பிட்டேன்.

இந்த வருசம் தவக்காலத்தில்தான் முதல் தடவையாகப் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அதுவரை கோபம், பொய், பூசை தவறினது என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தேன். சாமியார் கேட்டுவிட்டு, "ஆண்டவர் மன்னிச்சுருவாரு. உங்க சகலையோட பேரை யாரு திருப்பிக் கொடுக்குறது? அதைச் செஞ்சுட்டு வாங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு கல்லலுக்குப் போனேன். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஆயில் டின்னில் குச்சியை முக்கியது, நல்ல கேஸ்கட்டைக் கிழித்தது, புதுத் தீர்த்தம் என்று சொல்லி ஏமாற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தை கடைசிவரை கேட்டார்கள். பிறகு என் முழங்கையைத் தடவிக் கொடுத்தார்கள்.

"எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. என் சின்ன மக அழுகுறான்னு நீங்க அந்தப் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீக. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்லத்தை, நெசமாவே நாந்தான்..."

"வேணாம். அவனுக்காக நீங்க பொய் சொல்ல வேணாம். மாதா பாத்துக்கிட்டுத்தான இருக்கா."

எவ்வளவோ சொன்னேன். நான் அழ அழ அவர்களுக்கு என்மேல் பிரியம்தான் கூடியது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ரெண்டு பேர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அத்தை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். சகலைக்காகப் பழியை ஏற்றுக்கொண்ட பெரிய மனுசன் நான்.

வீட்டில் என் மனைவி என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. அவள் மட்டும் நம்பினாள். பேசின அன்றைக்கு, "எங்கப்பா உங்க கன்னத்தைத் தொட்டு முத்துனாரே" என்றாள்.

சகலை ஒருநாள் பட்டறைக்கு வந்தார். ஏழு வருசத்துக்குப் பிறகு வருகிறார். உட்காரவில்லை.

"அத்தை சொல்லிக்கிட்டுத் திரியிறது நெசமா, நீங்க அத்தைகிட்டச் சொன்னது நெசமா?"

"நான் சொன்னதுதான் தம்பி நெசம்."

"அந்த ஆயிலு?"

"டின்னுல கெடந்தது. மழைத் தண்ணி கலந்தது."

"ஏழு வருசமா பால்மம் பாடம் நடத்துறப்ப, என் வண்டியில பாத்தேன்டான்னு பிள்ளைககிட்ட அதைத்தான் உதாரணம் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். காலைத் தொடக் குனிந்தேன். பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அதெல்லாம் வேணாம். பழி என்னுது, புகழு உங்களுதுன்னு இருந்துச்சு. இப்ப மன்னிப்புக் கேட்ட புகழையும் நீங்களே எடுத்துக்கிட்டீக. உங்க வாய்ப்பேச்சை இனி எவனும் நம்பமாட்டான். எழுதுங்க. எந்தக் குச்சியை எந்த டின்னுல விட்டீக, எத்தனை போல்ட்டு கழட்டுனீக, எல்லாத்தையும் எழுதுங்க. பேரு மட்டும் போடாதீக. என் பேரு இனி உங்க கையால எழுதப்படக் கூடாது."

போய்விட்டார். அதனால்தான் யார் பேரும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். பேர் இல்லாவிட்டாலும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் யார் என்று தெரியும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக ஒரு வார்த்தையும் இளக்கிச் சொல்ல வேண்டாம். கோபத்தில் செய்தார், மாமா இறந்துபோவார் என்று கண்டாரா என்றெல்லாம் சேர்க்காதீர்கள். உடம்பு ஒரு மாதிரி இருக்கு, பொறையேறுது என்று அவர் சொன்னதை என் காதால் கேட்ட பிறகுதான் ஒன்பது நாள் பொறுக்கச் சொன்னேன். வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாரே, நல்ல மனுசன் என்றும் சொல்லிவிடாதீர்கள். அதைத்தான் எங்கள் ஊரில் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கல்லல் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், கண் தெரியாத ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உள்ளது உள்ளபடி வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தால் நம்ப மாட்டார்கள்.